மரத்தை நினைக்கும் கற்கள்

கோபுரம் என்றவுடன் தமிழர் உள்ளத்தில் முதலில் எழுவது கோயில் வாயிலின்மேல் ஓங்கி நிற்கும் இராசகோபுரமே. கிறிஸ்தவம் இம்மண்ணில் வேரூன்றியபோது, ஆலயமணி தொங்கும் உயர்ந்த கட்டடத்திற்கும் நம் முன்னோர் அதே பெயரை இட்டனர். அறிந்து இட்டனரோ, அறியாமல் இட்டனரோ, பெயர் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஏனெனில் மேலைநாட்டு ஆலயக் கோபுரங்களுள் மிகப் பழமையான சிலவும் வாயில் மண்டபத்தின்மேல் எழுப்பப்பட்டவையே. அக்கோபுரத்தின் அடியில் புகுந்துதான் மக்கள் இறைவன் திருமுன் சென்றனர்.

நீலகிரி மலையில் ஆலயக் கோபுரங்களுக்குக் குறைவில்லை. உதகை, குன்னூர், வெலிங்டன், கோத்தகிரி என எங்கு நோக்கினும் யூக்கலிப்டஸ் மரங்களுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் இடையே ஏதேனும் ஓர் ஆலயம் கண்ணில் படும். அவற்றுள் மூத்தவை ஆங்கிலேயர் எழுப்பியவை. அவற்றின் அழகைப் போற்றுவோர் பலர். அவ்வடிவம் எங்கிருந்து வந்தது, எப்பொருளால் உருவாயிற்று, எவர் பெயரைத் தாங்கி நிற்கிறது, எவர் பெயரை மறந்தது என்று வினவுவோர் சிலரே. இவ்வினாக்களுக்கு விடை தேடிச் சென்றால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இங்கிலாந்தின் கற்கோபுரங்கள் வரை நாம் நடக்க வேண்டியிருக்கும். நடந்து பார்ப்போம்.

மலைமேல் நாட்டிய அடிக்கல்

நீலகிரிக்கும் கிறிஸ்தவத்திற்கும் உள்ள உறவு ஆங்கிலேயருடன் தொடங்கியதன்று. 1603ஆம் ஆண்டிலேயே இயேசு சபைக் குரு ஜாகோமோ பெனிசியோ மலபார்க் கரையிலிருந்து இம்மலைக்கு ஏறி வந்தார். மலைமேல் பண்டைக் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்றொரு செய்தி அக்காலத்தில் உலவியது; அதன் உண்மையை அறிந்துவரவே அவர் அனுப்பப்பட்டார். அவர் கண்டது தோடர்களையும் படகர்களையும். கிறிஸ்தவர் எவரையும் காணவில்லை. எனினும் தோடர்களைப் பற்றி அவர் எழுதி வைத்த குறிப்பு, அம்மக்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் மிகப் பழமையானது.

அதன்பின் இரு நூற்றாண்டுகள் கழிந்தன. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்தார். சில ஆண்டுகளில் உதகையில் கல்வீடு கட்டிக் குடியேறினார். அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் அங்கே ஓர் ஆலயம் தேவைப்படும் அளவிற்கு ஆங்கிலேயர் குடியிருப்பு வளர்ந்தது. சென்னை மாகாண ஆளுநர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் 1829 ஏப்ரல் 23 அன்று அவ்வாலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். அது இங்கிலாந்தின் பாதுகாவலரான புனித ஜார்ஜியாரின் திருநாள்; மன்னர் நான்காம் ஜார்ஜின் பிறந்தநாள் விழாவும் அன்றே கொண்டாடப்பட்டது. கட்டட வேலைக்குப் பொறுப்பேற்றவர் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட் என்னும் படைத்தலைவர். செலவு 24,000 ரூபாய். 1830 நவம்பர் 5 அன்று கொல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் ஜான் மத்தியாஸ் டர்னர் அதை அர்ச்சித்தார். 1831 ஏப்ரல் 3, உயிர்ப்புப் பெருவிழாவன்று, ஆலயம் மக்கள் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. நாம் முடியப்பர் என்று அழைக்கும் முதல் மறைசாட்சி புனித ஸ்தேவானின் பெயர் அதற்கு இடப்பட்டது. அடிக்கல் நாட்டிய ஆளுநரின் பெயரும் அதுவே என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்; பின்னர் அதற்குத் திரும்புவோம்.

அவ்வாலயத்தின் உத்தரங்களும் பிற மரங்களும் எங்கிருந்து வந்தன? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வாழ்ந்த லால் பாக் அரண்மனையிலிருந்து. 1799 மே 4 அன்று அக்கோட்டை வீழ்ந்தது. திப்பு போரில் மடிந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய அரண்மனை கலைக்கப்பட்டு, அதன் மரங்கள் 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து மலையேறி வந்தன. மலை இரயில் குன்னூரை அடைந்தது 1899இல். உதகையை அடைந்தது 1908இல். ஆகவே அம்மரங்கள் வந்த காலத்தில் இரயிலுமில்லை, நல்ல சாலையுமில்லை. ஓர் அரசனின் கூரையைத் தாங்கிய மரங்கள் மனிதர் தோளிலும் விலங்குகளின் உழைப்பிலும் ஏறிவந்து, ஓர் ஆலயத்தின் கூரையைத் தாங்கின.

சல்லிவனின் மனைவியும் மகளும் இந்த ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில்தான் துயில்கின்றனர். சல்லிவனோ தாயகம் திரும்பி 1855இல் மறைந்தார். இலண்டனுக்கு மேற்கே அப்டன் என்னும் ஊரில், புனித லாரன்ஸ் ஆலய வளாகத்தில் அவர் கல்லறை இருப்பது இந்த நூற்றாண்டில்தான் கண்டறியப்பட்டது. யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் அதே ஆலயத்தில்தான். அங்கே நிற்பது நார்மானியர் காலத்துச் சதுரக் கோபுரம். உதகையின் ஆலய முகப்பில் எழும் குட்டையான சதுரக் கோபுரத்தின் மூதாதையர் இத்தகைய கோபுரங்களே. நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வெல்வதற்கு முன்பே அந்நாட்டில் கற்கோபுரங்கள் இருந்தன. அவற்றை எழுப்பியவர் ஆங்கிலோ-சாக்சானியர். அவர்களிடம்தான் இனி நாம் செல்ல வேண்டும்.

மரம் கல்லான கதை

ஆங்கிலோ-சாக்சானியர் கல்லில் கட்டிப் பழகியவர் அல்லர். அவர்களுடைய வீடும் மரம், அரண்மனையும் மரம். அவர்கள் மொழியில் ‘கட்டுதல்’ என்பதைக் குறிக்கும் வினைச்சொல்லே மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. கி.பி. 597இல் பெரிய கிரகோரியார் என்று போற்றப்படும் திருத்தந்தை அனுப்பிய அகுஸ்தினார் கெண்ட் நாட்டில் வந்திறங்கினார். உரோமைத் திருமறையோடு கற்கட்டடக் கலையும் அந்நாட்டிற்குத் திரும்பி வந்தது. 674இல் பெனடிக்ட் பிஸ்கோப் என்னும் துறவி வடக்கே மங்க்வேர்மவுத்தில் ஒரு மடத்தை நிறுவினார். உரோமை முறையில் கல்லால் ஆலயம் எழுப்புவதற்கு உள்நாட்டில் ஆளில்லாமல், கடல் கடந்து கால் நாட்டிலிருந்து கொத்தர்களை அழைத்து வந்தார். சன்னல்களுக்குக் கண்ணாடி செய்வோரையும் அங்கிருந்தே வரவழைத்தார். இதை எழுதி வைத்தவர் அம்மடத்திலேயே சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்த புனித பீடர். மங்க்வேர்மவுத் ஆலயத்தின் மேற்கு வாயில் மண்டபம் இன்றும் நிற்கிறது. பிற்கால மக்கள் அம்மண்டபத்தின்மேல் அடுக்கடுக்காகக் கட்டி அதைக் கோபுரமாக்கினர். கோபுரம் என்னும் நம் சொல் இங்கே எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள்.

10, 11ஆம் நூற்றாண்டுகளில் இத்தகைய கோபுரங்கள் பல எழுந்தன. அவற்றுள் தலையாயது நார்த்தாம்ப்டன் பகுதியில் எர்ல்ஸ் பார்ட்டன் என்னும் சிற்றூரின் அனைத்துப் புனிதர் ஆலயக் கோபுரம். நம் குன்னூரில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த ஆங்கிலிக்கன் ஆலயத்திற்கும் அனைத்துப் புனிதரே பாதுகாவலர். எர்ல்ஸ் பார்ட்டன் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 21 மீட்டர். தஞ்சையில் இராசராசன் எழுப்பி 1010இல் நிறைவு கண்ட விமானம் அதைப் போல மூன்று பங்கு உயரம். இரண்டும் ஏறக்குறைய ஒரே தலைமுறையின் படைப்புகள். ஒப்பிட்டால் ஆங்கிலக் கோபுரம் மிக எளியது. ஆனால் அந்த எளிமையில் படிக்கத்தக்க செய்திகள் பல உண்டு.

முதலாவது, மூலைகள். சுவர்கள் ஒழுங்கற்ற சிறு கற்களைச் சாந்தில் பதித்துக் கட்டியவை. அத்தகைய சுவர் மூலையில் சரிந்துவிடும். எனவே கொத்தன் அங்கே பெரிய கற்களை இட்டான்: ஒரு நீண்ட கல்லைத் தூண்போல் நிற்க வைத்தான், அதன்மேல் ஒரு பட்டைக்கல்லைக் கிடத்தி, அதன் வாலைச் சுவருக்குள் நுழைத்தான், அதன்மேல் மீண்டும் நிற்கும் கல், மீண்டும் கிடக்கும் கல். நிற்கும் கல் பளுவைத் தாங்கும். கிடக்கும் கல் சுவரைப் பிடித்துக்கொள்ளும். இந்த மூலைக்கட்டைக் கண்டால், அது சாக்சானியர் கைவேலை என்று அறிஞர் பெரும்பாலும் துணிவர்.

இரண்டாவது, சுவரின் முகத்தில் ஓடும் கற்பட்டைகள். எர்ல்ஸ் பார்ட்டன் கோபுரத்தில் மெல்லிய கற்பட்டைகள் நெடுக்காகவும், வளைவாகவும், ஒன்றையொன்று சாய்வாகச் சந்திப்பனவாகவும் சுவர் முழுவதும் படர்ந்திருக்கின்றன. இடையிடையே உள்ள பகுதி சாந்து பூசியது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மரச்சட்டம் அடித்து இடைவெளியை மண்ணால் நிரப்பிய வீடு போலவே தோன்றும். தச்சனின் கைப்பழக்கம் கொத்தனின் கல்லில் எஞ்சியது என்று பலர் கருதினர். ஐரோப்பியக் கண்டத்து ஆலயங்களின் அலங்காரத்தைப் பின்பற்றியதே இது என்போரும் உளர். எவ்வாறாயினும், எசெக்ஸ் பகுதியில் கிரீன்ஸ்டெட் என்னும் ஊரில் பிளந்த ஓக் மரங்களை நிறுத்திக் கட்டிய பழைய ஆலயத்தைக் கண்டவர், இக்கற்கள் மரத்தை நினைத்துக் கொண்டிருக்கின்றன என்று சொல்லாமல் இரார்.

மூன்றாவது, சன்னல்கள். மணி தொங்கும் மேல்தளத்தில் இணைச் சன்னல்கள் அமைந்திருக்கும். இரண்டிற்கும் இடையே, சுவர்த் தடிப்பின் நடுவில், ஒரு குட்டைத் தூண். அது கல்லேயாயினும், கடைசல் பிடித்த கட்டிற்கால் போல நடுவில் பருத்தும் இடையிடையே வளையமிட்டும் இருக்கும். இங்கும் தச்சனின் சாயலே. வேறு சில சன்னல்களில் வளைவே இராது. இரண்டு கற்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து முக்கோணமாக முடித்திருப்பர். டீர்ஹர்ஸ்ட் ஆலயத்தின் கோபுரச் சுவரில், உட்புறமாக உயரத்தில் அமைந்த இணை முக்கோணத் திறப்பு இவ்வகையில் புகழ்பெற்றது. சசெக்ஸ் பகுதியின் சோம்ப்டிங் ஆலயத்திலோ கோபுரத்தின் கூரையே வியப்பிற்குரியது. நான்கு பக்கச் சுவர்களும் முக்கோணமாக உயர்ந்து முடிய, அவற்றிடையே நான்கு சாய்சதுரப் பலகைகளாகக் கூரை கூம்புகிறது. ரைன் நதிக்கரையில் பெருவழக்காயிருந்த இவ்வடிவம், அக்காலத்துக் கோபுரங்களுள் இங்கிலாந்தில் எஞ்சியிருப்பது இது ஒன்றிலேயே.

நான்காவது, இல்லாதவை. பிற்காலக் கோபுரங்களைத் தாங்கும் முட்டுச்சுவர்கள் இவற்றிற்கு இல்லை. மிகச் சிலவற்றைத் தவிர ஏனையவற்றில் படிக்கட்டும் இல்லை. மரஏணி வைத்துத்தான் தளத்திலிருந்து தளத்திற்கு ஏற வேண்டும். ஹம்பர் ஆற்றங்கரையில் உள்ள பார்ட்டன் என்னும் ஊரின் புனித பேதுரு ஆலயத்தில் கோபுரத்தின் அடித்தளமே மக்கள் கூடும் இடமாயிருந்தது. கிழக்கே சிறு பீட அறையும் மேற்கே திருமுழுக்கு அறையும் ஒட்டியிருந்தன. ஆலயத்திற்குக் கோபுரம் இருந்ததென்பதைவிட, கோபுரமே ஆலயமாயிருந்தது என்பதே பொருத்தம்.

இந்த அடையாளங்களை உலகிற்கு எடுத்துக்காட்டியவருள் முதன்மையானவர் தாமஸ் ரிக்மன். ஆங்கிலக் கட்டடப் பாணிகளை வகைப்படுத்தி அவர் எழுதிய நூல் 1817இல் வெளிவந்தது. பார்ட்டன் கோபுரத்தின் மேலடுக்கு நார்மானியர் பாணிக்கு நெருக்கமாயிருக்க, அதற்குக் கீழே உள்ள அடுக்குகள் வேறு பாணியில் இருப்பதை அவர் கவனித்தார். மேலே இருப்பதற்கு முன்னரே கீழே இருப்பது கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் விளங்கும் உண்மை. அவ்வெளிய உண்மையைக் கொண்டு, ஏடும் எழுத்தும் துணையின்றி, கல்லை மட்டுமே படித்து ஒரு காலத்தையே அவர் மீட்டுத் தந்தார். அந்நூல் வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகளில் உதகையில் அடிக்கல் விழுந்தது. தம் நாட்டு ஆலயங்களின் வரலாற்றை ஆங்கிலேயர் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தனர். அண்டர்வுட் ஒரு படைவீரர். ஊரில் கண்ட ஆலயத்தின் நினைவே அவருக்கு வழிகாட்டியிருக்கும். கல்லின் முகம் தெரியாதபடி சாந்து பூசிய சுவர், குட்டையான சதுரக் கோபுரம், கூர்வளைவுகள் என அந்நினைவு இம்மலையில் உருவெடுத்தது.

இம்மலையின் கல்லும் அதற்கு ஒரு காரணம். நீலகிரியின் பாறை சார்னோக்கைட் என்னும் இனத்தது, இரும்பெனக் கடினமானது. சென்னைக்கருகே பல்லாவரத்தில் கிடைக்கும் இதே இனக் கல்லில்தான் கொல்கத்தாவின் புனித யோவான் ஆலய வளாகத்தில் ஜோப் சார்னோக்கின் கல்லறைப் பலகை செதுக்கப்பட்டது. அக்கல்லறையிலிருந்தே பாறைக்கும் பெயர் வந்தது. இத்தகைய கல்லைச் செதுக்கி அலங்கரிப்பதைவிடச் சாந்து பூசி முடிப்பது எளிது. ஆங்கிலேயர் வருமுன்னரே இம்மலையில் உயர்ந்த திருக்கட்டடங்கள் இல்லாமலில்லை. தோடர்களின் பால்மடக் கோயில்களுள் கூம்பு வடிவில் வானோக்கி எழுவன உண்டு. கல்லாலான தாழ்ந்த சுற்றுச்சுவருக்குள், மரமும் மூங்கிலும் புல்லும் கொண்டு எழுப்பிய கோபுரம் அது. அதைக் கட்டத் தெரிந்த கைகள் இன்றும் அம்மக்களிடையே உள்ளன.

எவருடைய கோபுரம்?

இங்கிலாந்தில் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு சட்டக்குறிப்பு உண்டு. சாதாரணக் குடியானவன் ஒருவன் செழித்து, ஐந்து பங்கு நிலமும், ஆலயமும், சமையற்கட்டும், மணிவீடும், அரண்வாயிலும் உடையவனானால், அவன் பிரபுவுக்குரிய மதிப்பைப் பெறுவான் என்பது அதன் கருத்து. மணிவீடு என்பது பெருமையின் அடையாளமாயிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா. எர்ல்ஸ் பார்ட்டன் கோபுரமும் ஒரு பிரபுவின் மாளிகையை அடுத்தே எழுந்திருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். இறைவனுக்கென எழுப்பிய கோபுரம் எழுப்பியவனையும் ஊராருக்குக் காட்டியது. ஆளுநர் ஸ்டீபனும் புனித ஸ்டீபன் ஆலயமும் இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருவது இயல்பே.

பீடர் வாழ்ந்த ஜாரோ மடத்தின் ஆலயத்தில் ஒரு கல்வெட்டு இன்றும் பதிந்திருக்கிறது. அவ்வாலயம் அர்ச்சிக்கப்பட்ட நாளை அது கூறுகிறது: கி.பி. 685, ஏப்ரல் 23. உதகையில் அடிக்கல் விழுந்ததும் அதே ஏப்ரல் 23. இடையே 1,144 ஆண்டுகள். ஜாரோ கல்வெட்டு மன்னர் எக்பிரித்தின் பெயரையும் மடத்துத் தலைவர் செயோல்பிரித்தின் பெயரையும் தாங்கியுள்ளது. கொத்தன் பெயர் இல்லை. உதகையின் வரலாற்று நூல்கள் ஆளுநரையும் படைத்தலைவரையும் ஆயரையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. திப்புவின் உத்தரத்தைத் தோள்கொடுத்து மலையேற்றியவன் பெயர் இல்லை. சுண்ணாம்பு அரைத்தவள் பெயர் இல்லை. தஞ்சைக் கோயிலின் கல்வெட்டோ குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று தலைமைச் சிற்பியின் பெயரைச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரரசன் செய்யத் தயங்காததை, பின்வந்த ஆலயங்களும் அரசுகளும் செய்யத் தவறின.

பார்ட்டன் புனித பேதுரு ஆலயத்தில் 1978 முதல் 1984 வரை நடந்த அகழாய்வில் ஏறத்தாழ 2,800 பேரின் எலும்புகள் கிடைத்தன. ஆயிரம் ஆண்டுக்காலம் அக்கோபுரத்தின் மணியைக் கேட்டு வாழ்ந்து மடிந்த ஓர் ஊரே அங்கே கிடந்தது. அவர்கள் என்ன நோயுற்றனர், எவ்வயதில் இறந்தனர் என்பதை எலும்புகள் கூறின. பெயரைக் கூற எலும்புகளால் இயலாது. அவர்களுள் சிலரேனும் அக்கோபுரத்திற்குக் கல் சுமந்தவராய் இருந்திருப்பர்.

எடுத்ததும் ஏற்றதும்

கல்லும் மரமும் எங்கிருந்து வந்தன என்னும் வினாவிற்கு மீண்டும் வருவோம். சாக்சானியர் ஆலயங்கள் பலவற்றில் உரோமையர் விட்டுச்சென்ற செங்கற்களும் செதுக்கிய கற்களும் காணப்படுகின்றன. கைவிடப்பட்ட நகரங்களே அவர்களுக்குக் கற்சுரங்கமாயின. இதில் எவர்க்கும் தீங்கில்லை. திப்புவின் அரண்மனை மரங்களைப் பற்றி அவ்வாறு சொல்லிவிட முடியுமா? அவை வென்றவர் தோற்றவரிடமிருந்து கொண்டவை. ஆலயம் என்ற காரணத்தால் அந்த உண்மையின் கூர்மை மழுங்கிவிடாது.

இவ்விடத்தில் கிரகோரியாரின் முடிவு நமக்கு ஒளி தருகிறது. 601இல் அவர் கெண்ட் மன்னர் எதல்பெர்ட்டுக்கு எழுதிய மடலில் பழைய தெய்வங்களின் கோயில்களை இடித்துவிடுமாறு அறிவுறுத்தினார். பின்னர் நெடிது சிந்தித்து, மெலித்துஸ் என்னும் துறவிக்கு வேறொரு மடல் அனுப்பினார். கோயில்களை இடிக்க வேண்டா. அவற்றைத் தூய்மையாக்கிப் பீடம் அமைத்து வழிபடுங்கள். மக்கள் தமக்குப் பழகிய இடத்திலேயே கூடட்டும். ஆலயத்தைச் சுற்றிக் கிளைகளால் பந்தலிட்டு விருந்துண்டு மகிழட்டும் என்பது அம்மடலின் சாரம். இடிப்பதிலிருந்து காப்பதற்கு ஒரு திருத்தந்தையின் மனம் சில வாரங்களில் திரும்பியது. பழையதை ஏற்பதற்கும் பறிப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு அம்மடலில் தெளிவாகிறது. மக்களை மதித்து, அவர்களுக்காக, அவர்களோடு காப்பது ஏற்பு. வென்றவன் தனக்கென எடுப்பது பறிப்பு.

பறிப்பாகத் தொடங்கிய ஒன்று ஏற்பாக மாறுவதும் உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆளுநர்களுக்கென எழுந்த ஆலயம் இம்மண்ணின் மக்களுடையதாயிற்று. இன்று திப்புவின் உத்தரங்களின்கீழ் முழந்தாளிடுவோர் இந்நாட்டவர். நம் திருச்சபையோ 1955 ஜூலை 3 அன்று உதகையைத் தனி மறைமாவட்டமாக்கியது. அதன் முதல் ஆயரும் இந்நாட்டவரே. அவர்தாம் பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த அந்தோணி படியறை ஆண்டகை.

நம் கோபுரங்கள்

கத்தோலிக்கப் பொதுநிலையினராகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ள வேண்டியது என்ன?

நம் மலைப் பங்குகளின் இறைமக்களுள் பெரும்பாலோர் ஆளுநர் பரம்பரையினர் அல்லர். உத்தரம் சுமந்தவரின் பரம்பரையினர். சமவெளியிலிருந்து தோட்ட வேலைக்கு ஏறிவந்தவர்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையின் தோட்டங்களிலிருந்து பெயர்ந்து, 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்கள். அவர்கள் லயன் வீடுகளின் அருகே எழுப்பிய சிற்றாலயங்களைப் பாருங்கள். பெரும்பாலும் தகரக் கூரை. முகப்பில் ஒரு சிலுவை. மணிக்கு ஒரு சிறு வளைவு. தொழிற்சாலையின் சங்கு வேலைக்கு அழைத்தது. இந்தச் சிறு மணி அவர்களை மனிதர்களாக அழைத்தது. மூவேளை மணி ஒலிக்கையில், கொழுந்துக்கூடையைச் சுமந்த தலை ஒரு நொடி தாழ்ந்தது. எர்ல்ஸ் பார்ட்டன் கோபுரம் செய்த பணியை அவ்வளைவு அதனினும் உண்மையாகச் செய்தது. ஏனெனில் அதன்பின் எந்தப் பிரபுவின் பெருமையும் நிற்கவில்லை.

ஆனால் தகரமும் செங்கல்லும் ஆயிரம் ஆண்டு நில்லா. ரிக்மனைப் போன்ற ஒருவர் பின்னாளில் வந்து படித்துக்கொள்ளட்டும் என்று அவற்றை விட்டுவிட முடியாது. இம்மலையின் மழை மூன்று தலைமுறைக்குள் அவற்றைக் கரைத்துவிடும். அதற்கு முன்னரே, புதிய ஆலயம் எழுப்பும் ஆர்வத்தில் நாமே அவற்றை இடித்துவிடுவதும் உண்டு. வளர்ந்துவிட்ட பங்கிற்குப் பெரிய ஆலயம் தேவைப்படுவது குற்றமன்று. இடிப்பதற்கு முன் படிக்காமல் விடுவதே குற்றம்.

ஆகவே ஒவ்வொரு பங்கிலும் சிலர் கூடி இதைச் செய்யலாம். பழைய ஆலயத்தின் சுவர் எதனாலானது, உத்தரம் எந்த மரம், அது எங்கிருந்து வந்தது, எந்தப் பகுதி முந்தியது, எது பிந்தியது என்று நோக்கி எழுதுங்கள். மணி எங்கே வார்க்கப்பட்டது என்பதை அதன் விளிம்பிலேயே பல வேளைகளில் காணலாம். ஏணி வைத்துப் பாருங்கள். திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளை ஈரம் தீண்டாமல் காத்துப் படி எடுங்கள். சுண்ணச்சாந்தால் கட்டிய பழஞ்சுவர்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் உள்ளிழுத்த ஈரத்தை வெளிவிடும். சிமெண்ட் அதை அடைத்துவைத்துச் சுவரை உள்ளிருந்தே சிதைக்கும். இங்கிலாந்தின் பழங்கோபுரங்கள் பல சிமெண்டால் கெட்டபின்னரே அங்குள்ளோர் மீண்டும் சுண்ணாம்பிற்குத் திரும்பினர். ஓயாது மழை பெய்யும் நம் மலைக்கு இப்பாடம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, எழுபது எண்பது வயது கடந்த பெரியோரிடம் சென்று அமருங்கள். இந்தக் கோயிலுக்குக் கல் உடைத்தது யார், மண் சுமந்தது யார், ஞாயிறுதோறும் கூலி இன்றி வந்து சுவர் எழுப்பியது யார், முதல் மணியை அடித்தது யார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை அப்படியே எழுதுங்கள். ‘மேஸ்திரி அந்தோணி’, ‘மூணாம் நம்பர் லயத்து மரியாயி’ என்பன போன்ற பெயர்களாகத்தான் அவை இருக்கும். ஜாரோவின் கல்வெட்டில் இடம்பெறாத பெயர்கள் அவை. உதகையின் அடிக்கல்லில் இடம்பெறாத பெயர்கள் அவை. புதிய ஆலயத்தின் கல்வெட்டில் ஆயர், பங்குத்தந்தை, கொடையாளர் ஆகியோரின் பெயர்களுக்குக் கீழே அவற்றிற்கும் ஓரிடம் தருவதற்கு எவர் அனுமதியும் கடினமாயிராது. கற்பலகைக்கு வழியில்லையேல் பங்கின் பதிவேட்டில் ஒரு பக்கம் போதும்.

சாக்சானியக் கொத்தன் தன் பெயரை விட்டுச்செல்லவில்லை. தன் தச்சுப் பழக்கத்தை மட்டும் கல்லில் விட்டுச்சென்றான். அதைப் படித்து அவனை அறிய நமக்கு ஆயிரம் ஆண்டுகள் ஆயின. நம் தோட்டத்துச் சிற்றாலயங்களைக் கட்டியவர்களுள் சிலர் இன்றும் நம்மிடையே உயிரோடு இருக்கின்றனர். அவர்களை அறிய அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும்.